புட்டுக் கையால் ஒரு கைதச்சக்கை மூடியப்பம்

எங்கள் வீட்டில் இதன் பெயர் மூடியப்பம். போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் 'பை' (pie) என்று எழுதி வைத்திருந்ததைப் பேரன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பாட்டி, இது நம்ம மூடியப்பம் இல்லியா?" என்று கேட்டான். அதேதான் மக்களே என்றேன். கீழே ஒரு மாவுத் தகடு, மேலே ஒரு மாவுத் தகடு, நடுவில் பழம். எல்லாம் சேர்ந்து ஒரே தட்டில் வெந்து வரும்.

அந்தப் பெயரை வைத்தது என் அம்மாவின் அம்மா. நெய்யூரில் 1838-இல் தொடங்கிய லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியைச் சுற்றி அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் இருந்தன. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் அங்கே ஆபரேஷன் செய்துகொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஒரு பங்களாவின் குசினியில் பாத்திரம் கழுவப் போனபோது பாட்டிக்குப் பதினைந்து வயது. அந்த வீட்டு மதாம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்வாராம். அவர் ஊரில் உள்ளே வைப்பது ஆப்பிள். திங்கள்சந்தையில் ஆப்பிளுக்கு எங்கே போக? முதலில் மாங்காய் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் கைதச்சக்கை வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. அன்னாசிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் கைதச்சக்கை. கைதை என்றால் தாழை. இரண்டின் இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் வந்த வழி தெரியும்.

பாட்டி அளவு எதையும் எழுதி வைக்கவில்லை. எனக்குச் சொல்லித் தர உட்கார்ந்த அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: "சப்பாத்திக் கையைக் கழுவிப் போட்டுட்டு வா. இதுக்குப் புட்டுக் கைதான் வேணும்." அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். மைதாவில் தண்ணீர் பட்டு, கை அழுத்த அழுத்த, உள்ளே ஒரு இழுவை உண்டாகும். பரோட்டாவை வீசி விரிக்க முடிவது அந்த இழுவையால். மூடியப்பத்தில் அது வந்துவிட்டால் மேலோடு தோல் மாதிரி ஆகிவிடும், அடுப்பில் சுருங்கும், கத்தி வைத்தால் அறுபடாது. புட்டுக்கு மாவு விரவும்போது நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் உதிர்த்துவிடுகிறோம். பிசைவதில்லை. ஒரு பிடி பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் பொடிந்து விழ வேண்டும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பக்குவம் தெரியாத வீடு குறைவு. அது தெரிந்தவருக்கு மூடியப்பம் பாதி தெரிந்த மாதிரிதான்.

இரண்டாவது, நேரம். குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. சுற்றிலும் 70 சென்ட் ரப்பர். வீட்டுக்காரர் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். நான் மாவு விரவுவதும் அதே நேரத்தில், ஐந்து மணிக்கு. வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்குகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் அடுக்களை சித்திரை வைகாசியில் பகல் பத்து மணிக்கே 30-ஐத் தாண்டும். மூடியப்பத்தின் மேலோடு அடுக்கடுக்காக நொறுங்க வேண்டுமானால், மாவுக்குள் கொழுப்பு சின்னச் சின்னக் கட்டிகளாக நிற்க வேண்டும். அடுப்புக்குள் போனதும் அந்தக் கட்டி உருகி இடம் விடும், மாவில் இருக்கிற ஈரம் ஆவியாகி அந்த இடத்தைத் தூக்கும். அதுதான் அடுக்கு. கொழுப்பு வெளியிலேயே உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு இடமே இருக்காது. குளிர்நாட்டுக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, நாம் பட்டே ஆக வேண்டும்.

இப்போது அளவு. 9 அங்குல அகலமும் ஒன்றரை அங்குல ஆழமும் உள்ள, ஓரம் சாய்ந்த அலுமினியத் தட்டு ஒன்று. எட்டுப் பேருக்குக் காணும். மாவுக்கு: மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், தேங்காய் எண்ணெய் 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சீனி ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 80 முதல் 100 மில்லி. உள்ளே வைக்க: தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கிய கைதச்சக்கைத் துண்டு 1 கிலோ (நடுத்தரப் பழம் இரண்டு வேண்டிவரும்), சீனி 120 கிராம், கருப்பட்டி 50 கிராம், மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவு 3 மேசைக்கரண்டி, கிராம்பு 4, ஒரு விரல்கட்டை நீளம் பட்டை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி வெண்ணெய். மேலே தடவ ஒரு முட்டை, அல்லது கொஞ்சம் பால்.

உள்ளே வைப்பதை முந்தின நாள் சாயங்காலமே செய்து வைத்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கைதச்சக்கைக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் கன்று நட்ட முதல் மூன்று நான்கு வருடம் வரிசைகளுக்கு நடுவில் இதைத்தான் நடுவார்கள். மரம் வளர்ந்து நிழல் மூடியதும் எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட தோட்டத்துப் பழம் சாலையோரத்தில் குவித்து வைத்திருக்கும். வாங்கும்போது அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மணம் வர வேண்டும், புளித்த நெடி வரக்கூடாது. அடியிலிருந்து பாதிவரை மஞ்சளேறி, மேல்பாதி இன்னும் பச்சை விட்டிருக்கிற பழம்தான் இதற்கு ஏற்றது. முழுக்கப் பழுத்தது வேகும்போது கரைந்து கூழாகிவிடும். தோலைச் சீவின பிறகு கண்கள் சாய்ந்த வரிசையில் ஓடுவது தெரியும். அந்த வரிசையோடே கத்தியைச் சாய்த்து ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டி எடுத்தால் சதை வீணாகாது. துண்டு பெருவிரல் நகம் அளவு போதும்.

துண்டுகளில் சீனியையும் உப்பையும் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். ஒரு டம்ளர் அளவுக்குச் சாறு ஊறி நிற்கும். இந்தச் சாறுதான் எல்லாருடைய பையையும் கெடுப்பது. பச்சைப் பழத்தை அப்படியே மாவுக்குள் போட்டு மூடினால், சாறு முழுவதும் அடுப்புக்குள் இறங்கி அடித்தகட்டை ஊறவைத்துவிடும். அதனால் சாற்றை மட்டும் வடித்து உருளியில் ஊற்றுங்கள். கருப்பட்டியைக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி இதோடு சேருங்கள். கருப்பட்டியில் மணல் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். கிராம்பும் பட்டையும் முழுதாகப் போட்டு, சாறு பாதியாகக் குறுகும்வரை கொதிக்க விடுங்கள். கிராம்பு எங்கள் மாறாமலைப் பக்கம் விளைவது. புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரிக் கிராம்பு. நல்ல கிராம்பை நகத்தால் கீறினால் எண்ணெய் கசியும். காய்ந்து சருகானதைப் போட்டால் பத்து போட்டாலும் மணக்காது. இதற்கு நாலே போதும்.

சாறு குறுகியதும் பழத்துண்டுகளைப் போட்டுப் பத்து நிமிடம் வேக விடுங்கள். பச்சைக் கைதச்சக்கை தின்றால் நாக்கு அரிக்கும் அல்லவா, அதற்கு ஒரு காரணம் அதில் இருக்கிற புரோமலைன் என்ற நொதி. பச்சையாகப் பாலில் போட்டால் திரிந்து கசப்பேறுவதும் அதனால்தான். வெந்தால் அதன் வேகம் அடங்கிவிடும்.

பழத்தைக் கெட்டியாக்கக் கடையில் எல்லாரும் சோளமாவு வாங்குகிறார்கள். நான் மரச்சீனி மாவை விட்டு மாறமாட்டேன். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பிய கிழங்கு நம் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும்போது வேறெதற்கு? சோளமாவு பழத்தை மங்கலாக்கும், மாவு ருசி தங்கும். மரச்சீனி மாவு கண்ணாடி மாதிரி தெளியும். அமெரிக்காவில் பழைய காலத்துப் பழப் பைகளுக்கு மரவள்ளியிலிருந்து எடுத்த ஜவ்வரிசியைப் போடுகிற வழக்கமும் உண்டு. நான் சொல்வது கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவு அல்ல, பாலாக இறங்கி அடியில் படிகிற மாவு. கிழங்கைத் தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்து, நாலு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும். தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடி தெளியவைத்து, படிந்ததை வெயிலில் காயவைத்துக் குப்பியில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கிழங்கு கிடைக்காத ஊர்க்காரர்கள் ஜவ்வரிசியை மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம்.

இந்த மாவை ஆறு கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து, தீயைக் குறைத்து, பழத்தில் ஊற்றிக் கிளறுங்கள். இங்கே கண்ணை எடுக்கக் கூடாது. ஊற்றியதும் உருளி முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளுக்கும். கரண்டி அரை நிமிடத்தில் கனக்கத் தொடங்கும். ஓரத்தில் முதலில் ஒரு மினுக்கம் தெரியும், அது நடுவை நோக்கி நகர்ந்து வரும். வெள்ளை முழுதும் மறைந்து, கருப்பட்டி நிறத்தில் பழத்துண்டு உள்ளே தெரிகிற மாதிரி பாகு தெளிந்துவிடும். அந்தக் கணத்தில் இறக்குங்கள். அதற்கு மேல் கொதித்தால் இழை இழையாக இழுக்க ஆரம்பிக்கும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், இரண்டு எண்ணுவதற்குள் மூடாமல் நிற்க வேண்டும். பட்டையையும் கிராம்பையும் பொறுக்கிவிட்டு, ஒரு கரண்டி வெண்ணெய் போட்டு, அகலமான தட்டில் பரப்பி ஆறவையுங்கள். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில். வெண்ணெயைச் சிறு சிறு சதுரங்களாக நறுக்கி அதையும், தேங்காய் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். மைதாவையும் ஒரு டப்பாவில் போட்டு உள்ளே வைப்பது நல்லது.

காலையில் மைதா, உப்பு, சீனியைக் கலந்து அகலமான பாத்திரத்தில் கொட்டுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருக்கும். கத்தியால் சீவிப் போடுங்கள். இதை முதலில் மாவோடு நன்றாக உதிர்த்துவிட வேண்டும், மாவு கொஞ்சம் மணல் மாதிரி ஆகும்வரை. வெண்ணெயும் எண்ணெயும் இரண்டும் ஏன் என்று என் மருமகள் கேட்டாள். தேங்காய் எண்ணெயில் தண்ணீர் கிடையாது. மாவைப் பூசி, தண்ணீர் அதிகம் ஏறாமல் காக்கும், கடித்தால் பொடிபடுகிற தன்மை தரும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது ஆவியாகி அடுக்கைத் தூக்கும். பழைய காலத்தில் மதாம்மா பன்றிக் கொழுப்புப் போட்டாராம். தேங்காய் எண்ணெய் பாட்டியின் மாற்றம், எனக்கு அந்த மணம் இல்லாமல் இது இறங்காது.

அடுத்து வெண்ணெய்த் துண்டுகள். ஒவ்வொன்றையும் மாவில் புரட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தடவை நசுக்கினால் போதும், தட்டையாக ஒரு இதழ் மாதிரி ஆகும். சில பயறு அளவிலும் சில பட்டாணி அளவிலும் கிடக்கட்டும். எல்லாம் ஒரே சீராக வேண்டாம். உள்ளங்கை பட விடாதீர்கள், உள்ளங்கைச் சூடு வெண்ணெயைக் கொன்றுவிடும். கை சூடாக இருப்பவர்கள் ஐஸ் தண்ணீரில் கையை முக்கித் துடைத்துவிட்டு இறங்குங்கள்.

எலுமிச்சைச் சாற்றை ஐஸ் தண்ணீரில் கலந்து, முதலில் ஐந்து மேசைக்கரண்டி தெளியுங்கள். ஒரே இடத்தில் ஊற்றாமல் புட்டுக்குத் தெளிக்கிற மாதிரியே சுற்றித் தெளித்து, விரல்களை விரித்து அடியிலிருந்து புரட்டுங்கள். ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். நிற்காமல் உதிர்ந்தால் இன்னொரு கரண்டி. பிடித்தால் நின்று, இரண்டாக விண்டால் ஓரத்தில் லேசாக வெடிக்கிற பக்குவத்தில் நிறுத்திவிடுங்கள். வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் மைதா தானாகவே ஈரம் வாங்கியிருக்கும், ஒன்றிரண்டு கரண்டி குறையப் பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டத்தில் இதை மறந்தால் மாவு ஒட்டிக்கொண்டு நிற்கும். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் உலர்ந்த பொடி மிச்சம் இருந்தால் பரவாயில்லை.

தீயில் வாட்டி ஆறவைத்த வாழையிலை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் பாதிக்குச் சற்று அதிகமானதை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் கொட்டி, இலையோடு சேர்த்து வெளியிலிருந்து அமுக்கித் தட்டையான வட்டமாக்குங்கள். கை மாவைத் தொடுவதே இல்லை. இலையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது. தண்ணீர் எல்லா இடத்துக்கும் பரவுவதும், உண்டான கொஞ்சநஞ்ச இழுவை தளர்வதும், வெண்ணெய் மறுபடி இறுகுவதும் அப்போதுதான்.

தேய்ப்பதற்குப் பூரிக்கட்டையைவிடப் பழைய கண்ணாடிக் குப்பி நல்லது. உள்ளே ஐஸ் தண்ணீர் நிரப்பி இறுக்கி மூடிவிட்டால் தேய்க்கத் தேய்க்க மாவும் குளிர்ந்தே இருக்கும். சமையல் மேடை கல்லாக இருந்தால் பத்து நிமிடம் முன்னால் அதன்மேல் ஒரு ஐஸ் தட்டை வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மைதா தூவிக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வெளியே ஒரு தள்ளு, மாவைக் கால் சுற்றுத் திருப்பு, மறுபடி ஒரு தள்ளு. முன்னும் பின்னும் உருட்டாதீர்கள். கீழ்த்தகடு 12 அங்குல வட்டம், கனம் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி வைத்த அளவு. தேய்த்த மாவில் அங்கங்கே வெண்ணெய்த் திட்டு மஞ்சளாகத் தெரியும். மனம் குளிர்கிற காட்சி அது. அந்தத் திட்டு ஒவ்வொன்றும் பின்னால் ஒரு அடுக்காக எழும்பும்.

தகட்டைக் குப்பியில் சுருட்டித் தூக்கித் தட்டின்மேல் விரித்து விடுங்கள். ஓரத்தை உயர்த்தி மூலைக்குள் தானாக விழச் செய்ய வேண்டும். இழுத்து ஒட்டினால் அடுப்பில் அந்த இழுப்பு திரும்பச் சுருங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து பழத்தை எடுத்து நிரப்பி, நடுவில் கொஞ்சம் குவித்து வையுங்கள்.

பழம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கல்யாணமாகி எனக்கு முதல் கிறிஸ்துமஸ், 1988. மைனி குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறது என்ற அவசரத்தில், உருளியிலிருந்து இறக்கிய சூட்டோடே பழத்தை மாவில் கொட்டி மூடிவிட்டேன். கொட்டியபோதே கீழே வெண்ணெய் உருகியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மேலே பார்க்கப் பொன் மாதிரி வந்தது. வெட்டி எடுத்தால் அடித்தகடு களியாகத் தட்டில் ஒட்டிக்கொண்டது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் மேலோட்டை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது. அதிலிருந்துதான் முந்தின நாளே பழத்தைச் செய்து வைக்கிற வழக்கம்.

மேல்தகடு 10 அங்குல வட்டம். கீழ்த்தகட்டின் ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தடவி, மேல்தகட்டால் மூடி, இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அதிகமாகத் தொங்குவதை வெட்டிவிட்டு, சோமாசிக்கு முறுக்குகிற மாதிரி ஓரம் முழுக்க முறுக்கிக்கொண்டு வாருங்கள். பிறகு கத்தி நுனியால் மேலே ஐந்து கீறல். ஆவி போக வழி இல்லையென்றால் அது தனக்குத் தானே வழி பிளந்துகொள்ளும். அடித்த முட்டையைத் தடவி, ஒரு கரண்டி சீனியைத் தூவி, இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அதற்குள் அடுப்பைச் சூடாக்குங்கள்.

மின் அடுப்பு என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 220 டிகிரி. உள்ளே ஒரு கனமான இரும்புத் தட்டை, இல்லாவிட்டால் கைப்பிடி இல்லாத ஒரு தோசைக்கல்லைக் கீழ்த்தட்டில் வைத்துச் சேர்த்தே சூடாக்குங்கள். பைத் தட்டு அதன்மேல் உட்கார்ந்ததும் அடிமாவு சட்டென்று இறுகும், களியாகாது. இருபது நிமிடம் 220-இல். பிறகு 185-க்குக் குறைத்து நாற்பது முதல் ஐம்பது நிமிடம். ஓரம் முன்னாடியே கறுத்தால் அலுமினியத் தாளை வளையமாக வெட்டி ஓரத்தை மட்டும் மூடுங்கள். மேலே நிறம் வந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். கீறல் வழியாகப் பழப்பாகு கொப்புளிக்க வேண்டும், அதுவும் பாயசம் கொதிக்கிற மாதிரி மெதுவாக, கனமாக. கொப்புளம் வேகவேகமாக உடைந்தால் இன்னும் தண்ணீராக இருக்கிறது என்று பொருள். நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். கால் மணி நேரத்துக்குச் சூடு நிற்கும். அதற்குள் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

பாட்டியின் அடுப்பு வேறு. அதை இப்போதும் வருடத்தில் இரண்டு மூன்று முறை முற்றத்தில் மூட்டுகிறேன், ருசியில் வித்தியாசம் உண்டு. கனமான பெரிய வெண்கல உருளியில் இரண்டு அங்குலம் காய்ந்த மணல், அதன்மேல் மூன்று ஓட்டுத் துண்டு, ஓட்டின்மேல் பைத் தட்டு. உருளியைக் கனிந்த விறகுக் கனல்மேல் ஏற்றி, மேலே இரும்புத் தட்டால் மூடி, அந்தத் தட்டு நிறையச் சிரட்டைக் (கொட்டாங்கச்சிக்) கனல். கீழே ஒரு பங்கு என்றால் மேலே இரண்டு பங்கு. சிரட்டைக் கனல் வேகமாகச் சாம்பலாகும், அதனால் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மேலே புதுக் கனல் வைக்க ஒருவர் கூட இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மகனின் வேலை. சூடு சரிதானா என்று பார்க்கப் பாட்டி ஒரு நுள்ளு மைதாவைத் தகரத் துண்டில் வைத்து உள்ளே தள்ளுவாள்: ஐந்து நிமிடத்தில் நல்ல பழுப்பு நிறமானால் பையை வைக்கலாம், கறுத்தால் கொஞ்சம் கனலை எடுக்க வேண்டும், வெளுத்தே கிடந்தால் இன்னும் மூட்ட வேண்டும். இதில் நேரம் ஒன்றே கால் மணிக்குக் குறையாது.

வெளியே எடுத்ததும் வீடு முழுக்கக் கிராம்பும் வெண்ணெயும் மணக்கும். பிள்ளைகள் கத்தியோடு வந்து நிற்பார்கள். வெட்டவே கூடாது. மூன்று மணி நேரம் கம்பித் தட்டில் ஆறட்டும். மரச்சீனி மாவு ஆறின பிறகுதான் பாகைப் பிடித்து நிறுத்தும். சூட்டோடு வெட்டினால் எவ்வளவு நன்றாகச் செய்ததும் தட்டில் ஓடிவிடும். காத்திருக்கிற நேரத்துக்கு என்றே ஓரத்தில் வெட்டின மாவை நான் எறிவதில்லை. சீனி தூவி, பட்டை போல நீளமாக வெட்டி, பையோடேயே ஒரு ஓரத்தில் பன்னிரண்டு நிமிடம் சுட்டு எடுத்தால் பேரனுக்கும் பேத்திக்கும் அதுவே போதும்.

பரிமாறும்போது கொஞ்சம் தேன் விடுவது எங்கள் வழக்கம். ரப்பர் தளிர் விடுகிற தை, மாசியில் எடுக்கிற தேனுக்குத் தனி ருசி. ஆனால் பழத்தோடு சேர்த்துச் சமைக்க வேண்டாம், பாகு இளகிவிடும். முதல் துண்டு எப்படியும் கொஞ்சம் உடைந்துதான் வரும். அந்தத் துண்டு மாவு விரவினவருக்கு. பாட்டி அதை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவாள், மற்றவர்களுக்கு அம்மா வெட்டுவாள். இப்போது நான் திண்ணைக்குப் போகிறேன், மருமகள் வெட்டுகிறாள்.

மிச்சம் இருந்தால் அன்று ராத்திரிவரை வெளியே துணி போட்டு மூடி வைக்கலாம். அதற்குமேல் நம் ஊர்ப் புழுக்கத்தில் தாங்காது, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மறுநாள் சாப்பிட மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மேலோடு சவசவத்துவிடும். தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் துண்டை அதன்மேல் வைத்து, லேசாகத் திறந்த மாதிரி ஒரு மூடி போட்டு ஏழு எட்டு நிமிடம். அடி முதலில் மொறுமொறுக்கும், அப்புறம் மேலே.